பிள்ளைகளுக்கு எந்த நாவல், பெரியவர்களுக்கு எந்த நாவல்?
ஓர் உம்மாவின் சொந்த அபிப்பிராயங்கள்

நாவல் என்றதும் எங்கள் ஊர்களில் இன்னும் இரண்டு விதமான முகச்சுளிப்பைப் பார்க்கலாம். ஒன்று மூத்தவர்களுடையது: "பொய்க்கதை வாசிச்சு என்னத்தக் காணப் போறாய்?" மற்றது என் வயதுப் பெற்றாருடையது. புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும், ஓ.எல். முடியட்டும், ஏ.எல். முடியட்டும் என்று தவணை சொல்லிக்கொண்டே போவார்கள். நாவலுக்கு முறை வருவதற்குள் பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு வந்துவிடும்.

மூத்தவர்களுக்கு நான் ஒன்றைத்தான் ஞாபகப்படுத்துவேன். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது 1885இல் வந்த 'அஸன்பேயுடைய சரித்திரம்'. எழுதியவர் அறிஞர் சித்திலெப்பை. 1882இலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர், பிள்ளைகளின் கல்விக்காக அலைந்து திரிந்தவர். படிப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட ஒரு மனிதர், நாவலைப் படிப்புக்கு எதிரியாகக் காணவில்லை. எனக்கு அது போதும்.

ஆனால் நாவல் வாசிக்கலாம் என்று தீர்மானித்த பிறகுதான் பெற்றாருக்கு உண்மையான சங்கடம் தொடங்குகிறது. எதை, எந்த வயதில்? என் மூத்த மகள் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். இளையவனுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு புத்தக அலுமாரி. அதற்குப் பூட்டுமில்லை. எந்தப் புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது என்பது எனக்குச் சும்மா இலக்கிய விசாரமல்ல, அன்றாட வீட்டு வேலை. இந்த வேலையில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயங்களையே இங்கு எழுதுகிறேன். வாசகர்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கும், இருக்கத்தான் வேண்டும்.

முதலில் கொஞ்சம் சண்டைக்கு இழுக்கும் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'பொன்னியின் செல்வன்' ஒரு நல்ல இளையோர் நாவல். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த இந்த ஐந்து பாக நாவலைப் பெரியவர்களின் பெருங்காவியமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். மகள் ஒரு விடுமுறைக்குள் ஐந்து பாகத்தையும் முடித்தாள். வந்தியத்தேவன் குதிரையில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இல்லை. இரண்டாம் பாகத்தில் கதை இலங்கைக்கு வந்ததும் "உம்மா, எங்கட அனுராதபுரம் வருது" என்று குசினிக்கே ஓடி வந்தாள். ஓட்டம், ஒளிவு, சூழ்ச்சி, கண்ணியமான காதல், நம்பிக்கைக்குரிய நண்பன் எல்லாம் அதில் இருக்கின்றன. நாற்பது வயதில் திரும்ப வாசித்தபோது எனக்கு அதிலே தேடினாலும் கிடைக்காதது, ஒரு மனிதன் தன்னையே நம்ப முடியாமல் தடுமாறுகிற இடம். நந்தினியிடம் மட்டும் அந்த நிழல் கொஞ்சம் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினைந்து வயதுக்கு அந்தத் தெளிவு வேண்டியதுதான். பெரியவர்கள் அதோடு நின்றுவிடுவதுதான் எனக்குக் கவலை.

அடுத்தது எங்கள் நாட்டுப் புத்தகம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடோல் தூவ'. தமிழிலும் கிடைக்கிறது. கொக்கலைப் பக்கத்துச் சிறுவன் உபாலியும் அவன் கூட்டாளி ஜின்னாவும் செய்யாத குழப்படி இல்லை. வீட்டை விட்டு ஓடுகிறார்கள், களப்பிலுள்ள ஆளில்லாத் தீவொன்றில் பயிர் செய்து பிழைக்கிறார்கள். இளையவனுக்கு இதைக் கொடுத்தபோது வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது: வீட்டை விட்டு ஓடுற கதையை ஆரும் பிள்ளைக்குக் கொடுப்பாங்களா? கொடுக்கலாம் என்பதே என் பதில். உபாலியின் குழப்படியை எழுத்தாளர் மூடி மறைக்கவுமில்லை, அதற்குப் பக்கத்தில் நின்று பிரசங்கம் செய்யவுமில்லை. தீவுக்குப் போன பிறகு அவன் செய்வது முழுக்க வேலை. மண் வெட்டுகிறான், விளைவிக்கிறான். இவற்றைப் பையனே கண்டுகொள்கிறான், நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கதையில் எனக்குக் குறையாகத் தெரிவது, பெண்பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்பது. மகள் வாசித்துவிட்டு, "எனக்கு ஒரு தீவும் இல்லயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் கொடுக்கத் தமிழில் ஒரு புத்தகம் இருக்கவில்லை. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எந்தத் தட்டிலும் வைக்க முடியாத ஒரு நாவல் உண்டு. வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் மலையாளத்தில் எழுதி, தமிழிலும் வந்த 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது'. குஞ்ஞுபாத்துமாவின் உம்மாவுக்கு வாயைத் திறந்தால் தன் வாப்பாவின் கொம்பானைப் பெருமைதான். சொத்துப் போகிறது, வீடு போகிறது, வறுமை வருகிறது. ஆனை மட்டும் போகவில்லை. முடிவில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து அந்த ஆனையை மண்ணிலே குழி பறிக்கும் குழியானை ஆக்கிவிடுகிறார்கள். நான் இதைச் சத்தமாக வாசிக்க, பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு வேறொன்றும் வந்தது. "எங்கட அப்பா காலத்துல..." என்று தொடங்கும் பேச்சு எங்கள் குடும்பங்களில் எத்தனை! காணி இருந்தது, தோணி இருந்தது, கடை இருந்தது என்று எத்தனை ஆனைகளை நாம் கட்டி மேய்க்கிறோம்! பிள்ளைக்குக் கேலியாகத் தெரிகிற அதே வரி பெற்றாருக்குக் கண்ணாடியாகிறது. குஞ்ஞுபாத்துமாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவளும் ஒரு பெண்பிள்ளை, ஆயிஷா. கல்வியின் அருமையைப் பற்றி நாம் கேட்ட எத்தனையோ உரைகளை விட அந்த இரண்டு குமருகளின் பேச்சு என் மகளிடம் அதிக தூரம் போயிருக்கிறது.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். பெற்றார் பொதுவாகப் பார்ப்பது கதையில் என்ன நடக்கிறது என்பதை. காதல் வருகிறதா, கெட்டது நடக்கிறதா என்று புரட்டிப் பார்த்துத் தீர்மானிக்கிறோம். இந்த அளவுகோல் சரிவராது என்று எனக்குக் காட்டிய புத்தகம், சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில் வந்த தமிழ்ப் புத்தகங்களில் ஒன்று. ஆல்தினாய் என்ற அநாதைப் பிள்ளையை அவளுடைய சித்தி ஒரு வசதியான மனிதனுக்கு இரண்டாந்தாரமாகத் தள்ளிவிடுகிறாள். அந்தப் பிள்ளைக்கு நடப்பது கொடுமை. கதையில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்தால் இதை அலுமாரியின் உச்சித் தட்டில் ஒளித்து வைக்கத்தான் வேண்டும். நான் மகளுக்குப் பதினைந்து வயதில் கொடுத்தேன். காரணம், ஐத்மாத்தவ் அந்தக் கொடுமையை வேடிக்கை காட்டவில்லை. இரண்டொரு வார்த்தையில் கடந்து, அந்தப் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறார். அவளை மீட்டுக் கூட்டி வருகிற துய்ஷேன் என்ற ஆசிரியர் கையைப் பிடித்திருக்கிறார். வாசிக்கிற பிள்ளையும் தனித்துப் போவதில்லை.

இந்தக் கதையில் பெற்றார் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய சமூகத்தின் எல்லா இருளுக்கும் மறுபக்கத்தில் லெனினின் படத்தை மாட்டி வைக்கிறது கதை. எங்களைப் போன்ற ஒரு முஸ்லிம் சமூகத்தைப் பற்றிய கதை என்பதால், மார்க்கமும் வழக்காறும் ஒன்றாகக் குழைக்கப்படுவதைப் பிள்ளையுடன் பேசத்தான் வேண்டும். பேசினோம். மகள் கேட்டது வேறு கேள்வி: "அப்ப துய்ஷேன் ஸேர ஏன் கடைசியில ஆரும் மதிக்கல்ல?" புதிய பள்ளிக்கூடத்தின் திறப்பு விழாவில் படித்துப் பெரியவளான ஆல்தினாய் கௌரவ விருந்தாளி. முதல் பள்ளிக்கூடத்தைத் தன் கையால் உண்டாக்கியவரோ கிழவராகி, தந்தி கொண்டுவந்து கொடுக்கிற தபால்காரர். நாவலின் உயிரை மகள் பிடித்துவிட்டாள். கொடுமை நடந்த பக்கத்தை விட நன்றி மறந்த பக்கம்தான் அவளுக்கு வலித்தது. பிள்ளைகள் எதைத் தாங்குவார்கள் என்பதில் நம் கணக்குப் பல வேளை பிழைக்கிறது.

இதிலிருந்து, கொடுமையே வராத நாவல்தான் பிள்ளைக்குரியது என்று சொல்ல முடியாது என்றாகிறது. அப்படியானால் பிள்ளை வந்தாலே அது பிள்ளைகளின் நாவலா? அதுவுமில்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) ராபியா என்ற சிறுமியோடு தொடங்குகிறது. அவள் திண்ணையில், அடுப்படியில், சினேகிதிகளோடு கேட்கிற பேச்சுகள் வழியாக ஒரு ஊரின் பெண்கள் முழுப்பேரும் வெளியே வருகிறார்கள். ஆனால் இது பெரியவர்களின் நாவல். ராபியா கேட்பதன் பொருள் அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் நாவலே இருக்கிறது. வஹிதாவின் கலியாண வாழ்க்கையும் பிர்தௌஸுக்கு நேரும் முடிவும், பக்கத்தில் நின்று கைபிடிக்க ஆளில்லாமல் எழுதப்பட்டவை. அப்படி எழுத வேண்டியவையும்தான். ஆள் நின்றிருந்தால் அந்த முடிவுகள் வந்திருக்காதே! ஒரே விதமான பேச்சு திரும்பத் திரும்ப வந்து நடுப்பகுதியில் அலுப்புத் தட்டுகிறது என்பது என் குறை. ஆனாலும் மகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கும் முன் ஒவ்வொரு வாப்பாவும் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பேன். மகளுக்கு? இன்னும் இரண்டு வருடம் போகட்டும். ஒளிக்கவில்லை. அலுமாரியில்தான் இருக்கிறது. "கொஞ்சம் பொறுத்து வாசி" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' (1988) பற்றி என் கருத்து இதற்கு மறுபக்கம். அதைப் பலர் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்குகிறார்கள். பெரும்பாலும் அதன் பேச்சுமொழிக்குப் பயந்து. ஏ.எல். படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழி பெரிய தடையாகாது. கடற்கரை ஊர், அதிகாரம் படைத்த முதலாளி, தங்ஙளின் பெயரில் நடக்கும் ஏமாற்று, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்துவிடுமே என்ற பயம்! சித்திலெப்பை காலத்தில் இங்கேயும் நடந்த அதே தர்க்கம். ஒரு சமூகம் தன்னைத்தானே எப்படிப் பின்னுக்கு இழுத்தது என்பதைப் பதினேழு வயதில் தெரிந்துகொள்வது நல்லது. இருபத்தேழில் தெரிவது பிந்திவிடும்.

ஆக, நான் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் மூன்று கேள்வி கேட்கிறேன். வாசிக்கும் பிள்ளையை இது இருட்டில் தனியே விட்டுவிட்டுப் போகிறதா? துன்பப்படுகிறவரின் மானத்தைக் காக்கிறதா, அல்லது அதைக் காட்டிப் பிழைக்கிறதா? முடித்த பிறகு பிள்ளை என்னிடம் ஏதும் கேட்பாளா? மூன்றாவதுக்கு 'இல்லை' என்றால், எவ்வளவு நல்லொழுக்கம் போதித்தாலும் அந்தப் புத்தகத்தால் எனக்குப் பயனில்லை. நல்ல பிள்ளை பரிசு வாங்கி, கெட்ட பிள்ளை திருந்தி, கடைசிப் பக்கத்தில் ஹஸரத் வந்து உபதேசம் சொல்லும் கதைகளை இளையவன் பாதியில் மூடிவிடுகிறான். "முடிவு எனக்குத் தெரியும் உம்மா" என்கிறான்.

இப்போது மகளுடைய தீவின் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட இலங்கை முஸ்லிம் பிள்ளை தன்னைத் தன் பேச்சோடு, தன் தெருவோடு கண்டுகொள்ள எங்கள் அலுமாரியில் ஒரு நாவல் இல்லை. சிறுகதை இருக்கிறது, கவிதை தாராளமாக இருக்கிறது. நாவல் என்று வந்தால் ஒன்றில் பாலர் கதை, அல்லது நேரே பெரியவர்களின் காயங்கள். ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' (2014) போன்றவை போருக்குப் பிந்திய வாழ்வைத் துணிந்து எழுதின. அவை நமக்கு வேண்டியவை. ஆனால் பிள்ளை அங்கே போய்ச் சேர நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

1990ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுப்பேரும் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதற்கு முன் ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காயத்தைக் கிளற வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லையே! உம்மம்மாமார் சொல்லத்தான் செய்கிறார்கள். வருடாவருடம் நினைவுதினக் கட்டுரை வரத்தான் செய்கிறது. அவர்களுக்குக் கிடைப்பது எண்ணிக்கையும் ஆத்திரமும். விட்டுவந்த சைக்கிளை நினைத்துப் புத்தளத்து ஓலைக்கொட்டிலில் தூங்காத ஒரு பொடியன் கிடைப்பதில்லை. அழுதுகொண்டு வழியனுப்பிய தமிழ்ச் சினேகிதி கிடைப்பதில்லை. அகதிமுகாமில் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டே பாடம் படித்த ஒரு குமர் கிடைப்பதில்லை. இவை கிடைக்காத பிள்ளைக்கு அந்த வருடம் வெறும் வழக்காகவே மிஞ்சும். வழக்கைப் பரம்பரையாக ஒப்படைக்கலாம். ஆனால் ஆறுதலை அப்படிக் கொடுக்க முடியாது.

எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இருநூறு பக்கத்துக்குள், உபதேசம் இல்லாமல், எங்கள் பேச்சில் ஒரு நாவல் எழுதுங்கள். கதாநாயகி பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையாக இருக்கட்டும். அவள் கொஞ்சம் குழப்படி செய்யட்டும். கொக்கலைப் பொடியனுக்குக் கிடைத்த தீவு அவளுக்கும் கிடைக்கட்டும். அது புத்தளக் களப்பிலோ மட்டக்களப்பு வாவியிலோ இருந்தால் இன்னும் சந்தோசம். பெற்றாரிடம் கேட்பது சின்ன விசயம்: அப்படி ஒன்று வந்தால் ரியூசன் காசில் ஒரு மாதக் காசை ஒதுக்கி வாங்குங்கள், பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நீங்களும் வாசியுங்கள்.