நான்கு ஊக்குகள்

சிற்றூர்களில் நிதி திரட்ட நடக்கும் ஓட்டங்களில் எனக்குப் பிடித்தது மார்பில் குத்திக்கொள்ளும் எண் தாள்தான். தாள் என்று சொல்கிறோமே தவிர, மழையில் நையாது, இழுத்தாலும் லேசில் கிழியாது. விரலால் நீவினால் மொறுமொறுவென்று ஒரு சத்தம். தென்காசிக்குக் குடிவந்த புதிதில், டயாலிசிஸ் நோயாளிகளுக்காக நடந்த 5 கி.மீ. ஓட்டத்தில் அதை எனக்குக் குத்திவிட்டவர் வயதான தையல்கார அண்ணாச்சி ஒருவர். உதட்டிடுக்கில் இரண்டு ஊக்கு, விரலிடுக்கில் இரண்டு. "தம்பி, மூச்ச நல்லா இழுங்க" என்றார். நெஞ்சு விரியும் அளவுக்குப் பனியனைத் தளர்த்தி, உள்பக்கம் தன் விரலை அணைகொடுத்து, துணியையும் தாளையும் சேர்த்துக் கோத்து டக்கென்று பூட்டினார். கீழ்மூலை இரண்டுக்கும்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அவை தளர்ந்தால் காற்றுக்குத் தாள் வயிற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வரும். பின்னால் வரிசை நீண்டது, அவர் அவசரப்படவில்லை.

குற்றாலம் சாலையில் சாரல். இலஞ்சி வயல்காற்று எதிரே வந்தது. பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியது. தாள் மட்டும் இம்மி நகரவில்லை. என் பெயர் தெரியாத ஊர்க்காரர்கள் திண்ணையிலிருந்து எண்ணை வாசித்தே உற்சாகப்படுத்தினார்கள். "நூத்திப் பதினேழு, விட்ராதீக!" ஓடி முடித்து ஒதுங்கிய டீக்கடையிலும் அதே பெயர்தான்: "நூத்திப் பதினேழுக்குச் சீனி கம்மியா ஒண்ணு!"