திருநீற்றுப்பச்சிலை

துளசிக்கு மாடம் கட்டிய நாம், அதன் உறவான திருநீற்றுப்பச்சிலையை வேலி ஓரத்திலேயே விட்டுவிட்டோம். எனக்கு அதில் வருத்தம்தான். சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கும் சப்ஜா இதன் விதைதான். இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் பெஸ்டோ என்னும் துவையல் அரைப்பதும் இதே இனத்தின் இலையில்தான்.

விதையை ஊறவைத்து விதைக்கக் கூடாது. வழவழத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த மணலில் கலந்து தூவி, மேலே பட்டும் படாமலும் மண் தூவி, நீர் தெளித்தால் போதும். சில நிமிடங்களில் ஒவ்வொரு கறுப்பு விதையும் சாம்பல் நிறக் கூழுறை ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். ஈரத்தைப் பிடித்துவைக்க விதையே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். தினமும் ஆறு மணி நேர வெயில், நீர் தேங்காத மண். வேறு பெரிய கவனிப்பு வேண்டாம்.

மூன்று நான்கு இணை இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனம் வராதுதான். ஆனால் நுனி இருக்கும்வரை கணுக்களில் உள்ள மொட்டுகள் உறங்கும். அது போனதும் ஒன்று இரண்டாகக் கிளைக்கும். அறுவடையும் இதே கிள்ளல்தான். பூக்கதிர் தலைகாட்டினால் இலை சிறுத்துக் கசப்பேறும், உடனே கிள்ளிவிட வேண்டும்.

ஒரு செடியை மட்டும் பூக்க விடுங்கள், தேனீக்களுக்காக. கதிர் பழுப்பேறியதும் நிழலில் உலர்த்தி, கசக்கி, முறத்தில் புடைத்தால் அடுத்த விதைப்புக்குப் போக சர்பத்துக்கும் மிஞ்சும்.