டிக்கன்ஸும் வக்கீல் பீஸும்

டிக்கன்ஸ் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அலுப்பூட்டுகிறார் என்பது என் பழைய அபிப்பிராயம். சமீபத்தில் மறுபடி படித்தபோது அதை மாற்றிக்கொண்டேன். ஒரு உயில் வழக்கு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கடைசியில் சொத்து முழுவதையும் கோர்ட்டுச் செலவே விழுங்கிவிட, வழக்கும் முடிந்துபோகிறது. கட்சிக்காரன் படும் அலுப்பை வாசகனும் கொஞ்சம் படட்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார்.

நாவல் வெளிவந்தது 1852-53இல். அவர் சாடிய சான்ஸரி கோர்ட் 1875இல் தனிக் கோர்ட்டாக இல்லாமல் போயிற்று. அத்துடன் நாவலின் வேலையும் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. ஏழைக்கும் வக்கீல் கிடைக்க 1949இல் சட்டம் செய்த இங்கிலாந்து, செலவைக் குறைக்க வேண்டுமென்று 2013இல் பெரும்பாலான குடும்ப வழக்குகளுக்கு அந்த உதவியை நிறுத்திவிட்டது. 2022இல் கிரிமினல் வக்கீல்களே, சர்க்கார் தரும் பீஸ் போதவில்லையென்று வேலைநிறுத்தம் செய்தார்கள்.

டிக்கன்ஸின் கட்சிக்காரர்களை வக்கீல்கள் சூழ்ந்துகொண்டு அழித்தார்கள். இன்றோ, குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில், பணமில்லாத தாயோ தகப்பனோ துணைக்கு ஒரு வக்கீலுமின்றித் தாமே எழுந்து நின்று பேசவேண்டியிருக்கிறது. அந்தக் காட்சியை எழுத அவர் இல்லையே என்று நாவலை மூடும்போது எனக்குத் தோன்றியது.