மீ கோரெங்கும் ராமெனும்

மீ கோரெங்கைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சுவை என்னுஞ் சொல்லை நாவினிடத்துக் கடன் வாங்கிக் கவிதைக்கு வழங்கியவர் நம் முன்னோர். அதனை ஒருநாள் நாவுக்கே திருப்பித் தருவதிற் குற்றமில்லை.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களினின்றும் சம்பள நாளில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் வருவோர் மாமாக் கடையில் விரும்பியுண்பது மீ கோரெங். அதனைச் சீனர் பண்டமென்றும், மலாய்ப் பெயருடையதென்றும், நமக்கு அதில் பெருமையில்லை என்றும் ஒதுக்கும் படித்த தமிழர் உளர். அவரே கோலாலம்பூர் சென்றால் ஜப்பானியரின் ராமென் கடை வாயிலில் வரிசைபிடித்து நிற்கின்றனர். இவ்விரு மதிப்பீடுகளும் ஒருங்கே உண்மையாதல் இயலாது.

ராமென் யாது? அதுவும் சீனத்தினின்றும் வந்ததே. தோக்கியோவின் அசகுசாப் பகுதியில் 1910-இல் திறந்த ராய்ராய்கென் என்னுங் கடை, யோகோஹாமாச் சீனச் சமையற்காரரைக் கொண்டே நடந்தது. கியோத்தோவில் 1971-இல் தெருவோரத் தள்ளுவண்டியாகத் தொடங்கிய தென்கா இப்பின், கோழியையும் காய்கறியையும் கூழாகுமட்டும் கொதிக்கவைத்த கொழுங்குழம்பினாற் பெயர்பெற்று, நாடெங்கும் கிளை பரப்பிற்று. அந்நியப் பண்டத்தைத் தம்முடையதாக்கிக் கொள்ள ஜப்பானியர் வெட்கப்படவில்லை. (1942 முதல் 1945 வரை அவர்தம் ஆட்சியில் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தோட்டத் தமிழரை நாம் மறந்தோமல்லோம். ஆயினும் படையோடுள்ள வழக்கை அடுப்பின்மேல் ஏற்றுதல் முறையன்று.)

நம்மவர் செய்ததும் அத்தகையதொரு காரியமே. கோதுமை மாவிற் காரநீர் சேர்த்துப் பிசைந்த மஞ்சள் மீ சீனருடையது. ராமெனுக்கும் அதுவே குலம். அதனைக் கையிலெடுத்தவர் தமிழ் முஸ்லிம்கள். நம் ‘மாமா’ என்னும் உறவுச் சொல்லே மாமாக் ஆயிற்று என்பர். காய்ந்த மிளகாயை அரைத்து எண்ணெய் பிரியுமட்டும் வதக்குகின்றனரே, அஃது எவர் கைப்பழக்கம்? அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த மாவு வடைத்துண்டு, சோயாக் கட்டி, முட்டை, கீரை, முளைகட்டிய பயறு யாவும் அவ்வுறைப்பிலே புரண்டு எழுகின்றன. மீயொடு கிழங்கு எதற்கு, மாவின்மேல் மாவா என்று கேட்பார்க்கு விடை: உறைப்பை உறிஞ்சி நாவுக்கு ஆறுதலாக நிற்பது அக்கிழங்கே. ராமெனின் வலிமை பல நாழிகை கொதித்த குழம்பில் உளது. மீ கோரெங்கின் வலிமையோ, இரும்புச் சட்டியில் தீ எழும் சில நிமிஷங்களில் சமைப்பவன் காட்டும் கணக்கில் உளது. பின்னது தாழ்ந்த கலையன்று.

தோட்டத்து லயங்களிலே ஜாதி பார்த்துப் பந்தி பிரித்த காலம் ஒன்றிருந்தது. மாமாக் கடையின் ஒரே சட்டியிலிருந்து கொழுந்து பறிப்பவளும், லாரி ஓட்டுபவரும், காய்கறித் தோட்டச் சீனரும் உண்கின்றனர். எவர் சட்டி என்று கேட்பார் இல்லை. பன்றியெலும்புக் குழம்பு ராமென் கடையில் முஸ்லிம் தோழர் நம்மோடு அமர இயலாது. இவ்வேற்றுமையைப் படித்த அன்பர் கவனித்ததாகத் தெரியவில்லை.

குறையும் உண்டு. சர்க்கரையும் புட்டித் தக்காளிக் குழம்பும் மிகுந்து, மிளகாய் வாயடைத்துப் போன தட்டுகள் பல. அதனினுங் கொடியது, மஞ்சள் மீயை நீக்கிப் பொட்டல மேகியைக் கிளறித் தருவது. பொட்டல மீயை மொமொபுக்கு ஆண்டோ 1958-இல் ஜப்பானில் முதலில் விற்றார். ஆகவே, மாமாக் கடையை இகழ்ந்துவிட்டு நள்ளிரவில் மேகி கோரெங் கேட்பவர், தாம் போற்றும் ராமெனின் நோஞ்சான் பேரனையே உண்கின்றார்.

இம்மலையின் குளிருக்கு நாம் முதலிடம் தருவது மீ ரெபுசுக்கே. சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்துச் செறிவாக்கிய அக்குழம்பு, கியோத்தோக் கொழுங்குழம்பின் எதிரே கூசாமல் நிற்கும். கீரையோ எதிர்ச்சரிவிலேயே விளைகின்றது. சர்க்கரையைக் குறைத்து, எலுமிச்சையைக் கூடுதலாகப் பிழிந்து தருமாறு கேளுங்கள். கேட்பவர்க்குச் செய்து தருகின்றனர்.