கற்சிங்கம் சொல்லாத கதை

சுவிட்சர்லாந்து நாட்டு லூசர்ன் நகரிலே, பாறையைக் குடைந்து ஒரு சிங்கத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். விலாவிலே ஈட்டி முறிந்து நிற்க, பிரெஞ்சு மன்னர் சின்னம் பொறித்த கேடயத்தின்மீது கால் பதித்து உயிர்விடுகிறது அது. 1792 ஆகஸ்ட் 10இல் பாரிஸ் மக்கள் அரண்மனையைத் தாக்கியபோது, பதினாறாம் லூயிக்காக மாண்ட சுவிஸ் கூலிப்படையினருக்கு 1821இல் எழுந்த நினைவுச் சின்னம். மன்னனோ, போர் மூளுமுன்பே குடும்பத்தோடு சட்டசபையில் தஞ்சம் புகுந்துவிட்டான்!

சிற்பி தோர்வால்சனின் கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. 'விசுவாசத்திற்கும் வீரத்திற்கும்' என்று மேலே பொறித்தார்களே, அதைத்தான் மறுக்கிறோம்.

யாருடைய விசுவாசம்? விடை நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலேயே தொடங்குகிறது. அங்கே 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனி, தெ மெரோன் என்பவர் 1781இல் திரட்டிய சுவிஸ் படையைக் கூலிக்கு அமர்த்தியது. 1795இல் அப்படை இலங்கையிலே டச்சுக்காரருக்குக் காவல் நின்றது. படையின் உடைமையாளர் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்தார், கொடி மாறியது! 1799இல் அதே படை சீரங்கப்பட்டணத்திலே திப்புவை எதிர்த்துப் போரிட்டது. பேரம் பேசியவர் உடைமையாளர்; குண்டுக்கு மார்பு காட்டியவன் சிப்பாய். விற்பனைச் சரக்குக்கு விசுவாசம் என்று பெயரா?

'செஞ்சோற்றுக் கடன்' என்று நம் நாட்டிலும் புகழ்வார்கள். அந்தச் சோற்றை விளைவித்தவன் அரசனா, உழவனா? கடன் யாருக்கு?

1859இல் சுவிஸ் நாடே, குடிமக்கள் அயலார் கூலிப்படையில் சேர்வதைச் சட்டமிட்டுத் தடுத்தது. மாண்ட ஏழைகளுக்குச் சிங்கத்தினும் சிறந்த நினைவுச் சின்னம் அச்சட்டமே!