குழுவுக்கு அஞ்சுவோர்

சட்டமன்றம் என்றதும் மேடை முழக்கமும் மேசை தட்டலும் வெளிநடப்புமே நம் இளைஞர்க்கு நினைவுக்கு வருகின்றன. சட்டம் உருவாகும் இடம் அதுவன்று. பார்வையாளரும் பத்திரிகையாளரும் இல்லாத அறையில், மசோதாவை விதி விதியாக, சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் குழுவே சட்டத்தின் பட்டறை. காவிரிச் சமவெளியின் நிலச் சட்டங்களைப் புரட்டுவோர்க்கு இது விளங்கும்.

1937 முதல் 1986 வரை நம் மாநிலத்துக்கு இரண்டு அவைகள் இருந்தன. மேலவையில் பட்டதாரிக்கு இடம், ஆசிரியர்க்கு இடம், உள்ளாட்சியார்க்கு இடம், ஆளுநரின் நியமனத்தார்க்கும் இடம். சேற்றில் உழன்ற பண்ணையாளுக்கென ஓரிடமும் இல்லை. 1952இல் ராஜாஜி முதலமைச்சரானது நியமனம் எனும் கொல்லைப்புற வழியே. (1967இல் அண்ணாவும் மேலவை உறுப்பினராகவே முதல்வராயிருந்தார் என்பாருண்டு. அவர் அவ்வாண்டே தென்சென்னையில் மக்கள் வாக்கால் மக்களவைக்கு வென்றவர் என்பதை அவர்கள் மறக்கலாகாது.) அந்த ராஜாஜி 1952இல் கொண்டுவந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு முதலில் அவசரச் சட்டமாகவே பிறந்தது. குழு எதையும் காணாமல் வந்த அது, ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேற்பட்ட நிலமுடையாரையே கட்டுப்படுத்திற்று.

அரசமைப்பின் 197ஆம் பிரிவின்படி மேலவையால் மசோதாவைத் தடுக்க இயலாது. முதன்முறை மூன்று திங்கள், மறுமுறை ஒரு திங்கள் தாமதிக்கலாம், அவ்வளவே! எனவே அதன் மெய்யான செல்வாக்கு அவையில் இல்லை. ஈரவைகளின் கூட்டுப் பொறுக்குக் குழுவில் இருந்தது. ஒரே மேசையைச் சுற்றி அமரும்போது மேலவையாரின் சொல்லும் கீழவையாரின் சொல்லும் ஒரே எடைதானே?

1960 ஏப்ரல் 6இல் வந்த நில உச்சவரம்பு மசோதா அத்தகைய கூட்டுக் குழுவுக்குச் சென்றது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்பது வரம்பு. முறை நல்ல முறைதான். ஆனால் வழக்கறிஞரை வைத்து மனு எழுதி, அச்சிட்டு, குழுவின் செவிக்கு எட்டச் செய்ய வல்லார் யார்? மிராசுதாரா, துண்டைக் கக்கத்தில் இடுக்கி வாசலில் நின்ற பண்ணையாளா? 1961ஆம் ஆண்டின் 58ஆம் சட்டமாக அது வெளிவந்தபோது, பொதுச் சமய அறக்கட்டளைகளின் நிலம் வரம்புக்கு அப்பால் நின்றது. பெண்டிரின் சீதன நிலம் 10 தர ஏக்கர் வரை தனிக் கணக்காயிற்று. கோயிலும் மடமும் வேலி வேலியாக நிலம் வைத்துள்ள தஞ்சையில் இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ! குழுவே இவற்றைப் புகுத்திற்று என்று நாம் கூறவில்லை, களையவில்லை என்கிறோம். பின்னர் 1964இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தையே செல்லாதென்றதும், 17ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை மீட்டதும், 1970இல் வரம்பு 15 தர ஏக்கரானதும் தனிக்கதை.

அப்படியானால் குழுவே வேண்டாம் என்போமா? அங்கேதான் நாம் வேறுபடுகிறோம். 1986 நவம்பர் 1இல் மேலவை மறைந்தது. அதனோடு கூட்டுக் குழுவும் மறைந்தது. ஆயினும் பேரவை தானே பொறுக்குக் குழு அமைக்கத் தடையேதுமில்லை. நடந்தது என்ன? காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் மசோதா 2020 பிப்ரவரி 20இல் அறிமுகமாகி அன்றே நிறைவேறிற்று. குழுவுக்கு அனுப்புக என்ற எதிர்க்கட்சியின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பதினொரு நாள் முன்னதாக முதலமைச்சர் அறிவித்தபோது பட்டியலில் இருந்த திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் சட்டத்தில் இல்லை. முன்பே நடந்துவந்த எண்ணெய், எரிவாயுப் பணிகளையும் அது தொடவில்லை. 2017இல் குழாய்க் கசிவுக்கெதிராகக் கிளர்ந்த கதிராமங்கலத்தாரை அழைத்துக் கேட்க ஒரு குழு இருந்திருந்தால், இவ்விரண்டுக்கும் காரணம் கேட்டிருக்காதா?

ஈரவை உள்ள டெல்லியும் வாழவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 20இல் வேளாண் மசோதாக்கள் இரண்டு மாநிலங்களவையில் குரல் வாக்கில் நிறைவேறின. பொறுக்குக் குழுவுக்கு அனுப்புமாறு திருச்சி சிவா உள்ளிட்டோர் கொணர்ந்த தீர்மானங்கள் தள்ளப்பட்டன. அறையில் நான்கு திங்கள் கேட்டிருக்க வேண்டியதை, உழவர் டெல்லி எல்லைச் சாலையில் ஓராண்டு அமர்ந்து சொன்னார்கள். 2021 நவம்பர் 29இல் அவற்றை நீக்கும் மசோதாவும், வேடிக்கை பாருங்கள், விவாதமின்றி ஒரே நாளில் ஈரவைகளிலும் நிறைவேறிற்று!

நாம் கேட்பது மேலவையை அன்று. நிலத்தையும் நீரையும் தொடும் ஒவ்வொரு மசோதாவும் பொறுக்குக் குழுவுக்குச் செல்லட்டும். அக்குழு கோட்டையில் மட்டும் அமராது, ஒரத்தநாட்டிலும் பாபநாசத்திலும் அமரட்டும். நிலமற்றோரின் வாக்குமூலத்தையும் தமிழில் பதியட்டும். எந்த விதியை யார் கேட்டு மாற்றினார்கள் என்பதைப் பெயரோடு அச்சிட்டு வெளியிடட்டும்.