விஞ்ஞானியை வரைக!

மாணாக்கரிடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "ஒரு விஞ்ஞானியின் படம் வரைக" என்று சொல்லி, வந்த படங்களை எண்ணிப் பார்க்கும் பயிற்சி ஒன்று பல நாடுகளில் வழங்கி வருகிறது. நாம் அறியாமலே நம் மனத்தில் படிந்துவிட்ட முற்சாய்வுகளை இது வெளிக்கொணரும் என்பர். ஆனால், இக்கருவி உண்மையில் எதை அளக்கிறது? வகுப்பறையில் இதைக் கையாளும் பலர் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

இதை வகுத்தவர் டேவிட் வேட் சேம்பர்ஸ். 1983இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 4,807 சிறுவர் சிறுமியரின் படங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் பெண் விஞ்ஞானியைக் காட்டியவை 28 மட்டுமே! அந்த இருபத்தெட்டும் சிறுமியர் வரைந்தவை. வெள்ளை அங்கி, மூக்குக்கண்ணாடி, தாடி மீசை, ஆய்வுக் கருவிகள் முதலிய அடையாளங்கள் வகுப்பு ஏற ஏறப் பெருகின. பிற்கால நிலை சற்று மாறியிருக்கிறது. அமெரிக்காவில் ஐம்பதாண்டுகளாக நடந்த இத்தகைய ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, 1980களுக்குப் பிந்தைய படங்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு பெண்களைக் காட்டின. எனினும் ஆறு வயதில் பெரும்பாலும் பெண்ணை வரையும் சிறுமியர், பதினாறு வயதில் பெரும்பாலும் ஆணையே வரைகின்றனர். இயற்பியல் நமக்கு உரியதா என்று ஒரு பெண் முடிவு செய்யும் வயதும் ஏறக்குறைய அதுதான்.

ஆராய்ச்சிக் கருவியாக இதன் பயனை நான் மறுக்கவில்லை. பாடமாக இதை நடத்தும் முறைதான் குறையுடையது. படம் வரைபவர், பார்ப்பவருக்கு விளங்க வேண்டும் என்றே வரைவார். குப்பியும் கண்ணாடியும் இல்லாவிட்டால் அது விஞ்ஞானி என்று யார் அறிவார்? ஆகவே குழந்தை நம்புவது வேறு, ஊரார் எப்படி எண்ணுகிறார்கள் என்று அது அறிந்திருப்பது வேறு. ஒரே தாளில் இரண்டும் கலந்துவிடுகின்றன. படம் ஒன்றே என்பதால் ஓர் உருவத்துக்குத்தான் இடமுண்டு. இரண்டு மூன்று வரையச் சொன்னால் முடிவு மாறக்கூடும்.

மேலும், சிறிதளவு வெந்நீரில் குளிர்ந்த வெப்பமானியை இட்டால் நீரின் வெப்பநிலையே குறைந்துவிடும் அல்லவா? இங்கும் அப்படித்தான். "பார்த்தீர்களா, எல்லோரும் ஆணையே வரைந்திருக்கிறீர்கள்!" என்று ஆசிரியர் நாற்பது தாடிக்காரர்களைச் சுவரில் ஒட்டுகிறார். மாணவி மனத்தில் தங்குவது ஆசிரியரின் விளக்கமா, அந்த நாற்பது தாடிகளா?

பார்வையற்ற மாணவருக்கும், பென்சில் பிடிக்க இயலாதவருக்கும் இப்பயிற்சியில் இடமே இல்லை. முற்சாய்வைப் பற்றிய பாடம் தொடக்கத்திலேயே சிலரை வெளியே நிறுத்துவது வேடிக்கைதான். களிமண்ணில் செய்யலாம், வாயால் சொல்லலாம், நண்பரிடம் சொல்லி எழுதச் செய்யலாம் என்று விட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

எண்ண வேண்டியது பிள்ளைகளின் படங்களை அல்ல. அவர்கள் கையிலுள்ள பாடநூலில் எத்தனை ஆண், எத்தனை பெண் படங்கள், யார் கருவியைத் தொடுகிறார், யார் பார்த்து நிற்கிறார் என்று அவர்களே எண்ணட்டும். குற்றம் சாட்டப்படாமல் ஆராய்ச்சியாளராகவே அமர்வார்கள். பிறகு, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, இந்திய வானிலைத் துறையில் கதிரவ வீச்சையும் ஓசோனையும் அளக்கும் கருவிகளை உருவாக்கிய அன்னா மாணியைப் பற்றிப் பேசலாம். பெயரை மறைத்து வைத்து, இறுதியில் "அவர் பெண்!" என்று திகைக்க வைக்கும் தந்திரம் வேண்டாம். முதல் வரியிலேயே பெயரைச் சொல்லிவிட்டு, அக்கருவிகள் எப்படி வேலை செய்தன என்பதற்குப் போய்விடலாம்.